அமெரிக்க அரசியல் சட்டம் வேதமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டத்தைப் பற்றி நம்மில் படித்தவர்கள் என்பவர்கள் பேசும்போது, வானத்திலிருந்து இறங்கிவந்த ஏதோ ஒரு ஏட்டைப் பற்றிப் பேசுவது போலக் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார்கள். அந்த நாட்டிலும் அப்படித்தான். வாஷிங்டன் நகரத்தில் அந்தச் சட்டத்தின் மூலக் காகிதத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கல் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கர்ப்பக்கிரகத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கற்பூரத் தட்டு ஒன்றுதான். ஒரு ஜன சமூகம் தன் பழைய பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் தப்பொன்றுமில்லை. ஆனால் அதை வேதமாக எண்ணிக்கொண்டு, எழுதிவைத்துச் செத்துப்போனவன் மனதில் என்ன இருந்தது என்று தேடப்போனால், உயிரோடிருக்கிற மனிதன் கதி என்னவாகும் என்பதற்கு அந்த நாட்டு வழக்குகளே சாட்சி சொல்லுகின்றன. அவற்றில் சிலவற்றை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்று கருதி இதை எழுதுகிறோம். ஒரு வழக்கில் நம் நாட்டு ஜாதியே கப்பலேறிப்போய்க் கோர்ட்டில் நின்றிருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

1776-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி இனி வேண்டியதில்லை என்று பதின்மூன்று குடியேற்ற நாட்டாரும் சேர்ந்து ஒரு பிரகடனம் செய்தார்கள். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதும், ஆளுகிறவனுக்கு அதிகாரம் ஆளப்படுகிறவன் சம்மதத்தினால்தான் வருகிறது என்பதும் அதன் சாரம். ராஜாவைக் கடவுளின் அம்சமென்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் சொன்னது பெரிய காரியமேயாகும். ஆனால் அதை எழுதின தாமஸ் ஜெபர்சன் தமது ஆயுளில் அறுநூறு பேருக்கு மேற்பட்ட அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தவர். பிரகடனத்தை எழுதின நாட்களில் பிலடெல்பியா ஜாகையில் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவனே பதினான்கு வயதுள்ள ஓர் அடிமைப் பையன். அடிமை வியாபாரத்துக்காக இங்கிலாந்து ராஜாவைக் கண்டித்து அவர் நகலில் எழுதியிருந்த பகுதியையும் கூடியிருந்த பிரதிநிதிகள் அடித்துவிட்டார்கள்.

பிறகு 1787-ல் அதே ஊரில் ஐம்பத்தைந்து பேர் கூடி அரசியல் சட்டத்தை எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் கையெழுத்திட்டார்கள். இந்தச் சட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தேதி போடுகிற வழக்கத்தில் வந்துவிட்ட ஒரு சொல்லைத் தவிர அதில் கடவுள் பேச்சே கிடையாது. எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை வைக்கக்கூடாது என்றும் கண்டிப்பாக எழுதினார்கள். அதுபோலவே அடிமை என்ற சொல்லும் அதில் கிடையாது. ஆனால் அடிமைத்தனம் மாத்திரம் தாராளமாக இருந்தது. "மற்ற ஆட்கள்" என்று ஒரு பெயர் வைத்து, அவர்களில் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிடவேண்டும் என்றார்கள். அந்த மூன்றும் அடிமைக்கு ஓட்டாக வரவில்லை. அவனை உடைய எஜமானர்களின் ராஜ்யத்துக்குச் சட்டசபையில் அதிக ஸ்தானமாகப் போய்ச் சேர்ந்தது. ஓடிப்போனவனைப் பிடித்து உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஆள் இறக்குமதியை 1808 வரையில் தடுக்கக்கூடாது என்றார்கள். பெயரைச் சொல்ல வெட்கம். காரியத்தை விட மனமில்லை.

என்றாலும், எழுதினவர்கள் தங்களை ரிஷிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சட்டசபைகள் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு பேரும், ராஜ்யங்களில் நான்கில் மூன்று பங்கும் சம்மதித்தால் இந்தச் சட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி விட்டார்கள். இதுவரையில் இருபத்தேழு திருத்தங்கள் ஏற்பட்டிருக்கின்றன. எந்த ஸ்மிருதிக்காரனாவது, "நான் சொன்னது பிசகானால் பின்னால் வருகிறவர்கள் கூடித் திருத்திக்கொள்ளலாம்" என்று தன் சுலோகத்தின் கடைசியில் எழுதிவைத்ததுண்டா? இந்த ஒரு காரணத்தாலேயே அந்த ஏடு வேதமல்ல, மனிதன் எழுதினது என்று தானே சொல்லிக்கொள்ளுகிறது. அதை வேதமாக்கினவர்கள் பின்னால் வந்தவர்கள்.

நிற்க. சட்டசபை செய்கிற சட்டத்தை அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தள்ளிவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டென்று அந்த ஏட்டில் வெளிப்படையாக எங்கும் எழுதவில்லை. 1803-ல் மார்பரி என்பவர் வழக்கில், அந்த அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் தாமே தீர்ப்புச் சொன்னார். மார்பரிக்குச் சேரவேண்டிய நியமன உத்தரவு சேராமல் போனதே, முன்னே மந்திரியாயிருந்த இதே மார்ஷல் அதை அனுப்பாமல் விட்டதால்தான் என்பது வேடிக்கை. அது முதற்கொண்டு, ஏட்டுக்கு அர்த்தம் சொல்லுகிறவர்கள் கோர்ட்டார் என்றாகிவிட்டது. ஓர் ஏடு, அதற்கு அர்த்தம் சொல்ல ஒரு கூட்டம் என்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நடந்தது இது. டிரெட் ஸ்காட் என்பவர் ஒரு பட்டாள டாக்டரின் அடிமை. டாக்டர் அவரை அடிமைத்தனம் கிடையாத இல்லினாய் ராஜ்யத்திலும், பிறகு அதுபோன்ற வடக்குப் பிரதேசத்திலும் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருந்தார். அடிமை இல்லாத பூமியில் குடியிருந்தவன் அடிமையாக இருக்க முடியாது என்று சொல்லி 1846-ல் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் செயிண்ட் லூயி கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு ஏறி இறங்கி 1857 மார்ச் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. ஏழு ஜட்ஜுகள் ஸ்காட்டுக்கு விரோதம், இரண்டு பேர் சாதகம். பிரதம நீதிபதி ராஜர் டானி சொன்ன நியாயம் என்னவென்றால்: இன்றைக்கு உலகம் கருப்பரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைப் பற்றி எங்களுக்கு அக்கறையில்லை, சட்டம் எழுதின காலத்தில் எழுதினவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதே கேள்வி, அந்தக் காலத்தில் கருப்பனைத் தாழ்ந்த பிறவியாகவும், வெள்ளையன் மதிக்க வேண்டிய உரிமை எதுவும் இல்லாதவனாகவுமே நினைத்தார்கள், ஆகையால் அவன் பிரஜையல்ல, பிரஜையல்லாதவன் இந்தக் கோர்ட்டுப் படியேறி வழக்காடவே முடியாது என்பதாகும்.

வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். டானி அந்த ஏட்டை அவமதித்தவரல்ல. அதற்கு மகா பக்தர். பக்தியினாலேயே அந்தத் தீர்ப்பு வந்தது. அதுவும் சரியான பக்தியா என்றால் அதுவுமில்லை. சட்டத்தை ஒப்புக்கொள்ள ஓட்டெடுத்த காலத்திலேயே ஐந்து ராஜ்யங்களில் சுதந்திரமான கருப்பர்களும் ஓட்டுக்கு உரிமை உள்ளவர்களாயிருந்தார்கள் என்று மாறுபட்ட நீதிபதி கர்ட்டிஸ் எடுத்துக்காட்டினார். பக்தர் தம் ஏட்டின் சரித்திரத்தையே சரிவரப் படிக்கவில்லை. ஸ்காட்டை அவருடைய பழைய எஜமானர் குடும்பத்தார் சில வாரங்களில் விடுதலை செய்தார்கள். ஒரு ஓட்டலில் மூட்டை தூக்கிப் பிழைத்து, மறுவருஷமே செத்துப்போனார்.

இந்தத் தீர்ப்புக்கு மூன்று வருஷம் முன்னாலேயே வில்லியம் லாயிட் காரிசன் என்ற வெள்ளைக்காரர், அடிமைக்கு இடம்கொடுக்கிற சட்டம் நமக்கெதற்கு என்று, 1854 ஜூலை 4-ந் தேதி பொதுக்கூட்டத்தில் அரசியல் சட்டத்தைக் கொளுத்தினார். அடிமையாய்ப் பிறந்து ஓடித் தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் அவரோடு மாறுபட்டார். ஏட்டிலுள்ள சொற்களைச் சொற்களாகவே எடுத்துக்கொண்டால் அவற்றை விடுதலைக்கும் உபயோகிக்கலாம். எழுதினவன் மனதிலிருந்த அழுக்கு நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் ஒரே நோக்கமுள்ளவர்கள். யார் சரி என்று கேட்டால், அன்றைக்குக் கொளுத்தினவருக்கும் நியாயம் இருந்தது என்போம்; பின்னால் கோர்ட்டில் பயன்பட்டது டக்ளஸின் வழிதான்.

ஆனால் அடிமைத்தனத்தை ஒழித்தது வாதமல்ல. 1861 முதல் 1865 வரையில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1868-ல் அந்த மண்ணில் பிறந்தவர் பிரஜை என்றும், சட்டத்தின் பாதுகாப்பு யாவர்க்கும் சமம் என்றும் எழுதப்பட்டது. 1870-ல் நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்று ஆயிற்று. இந்தச் செய்தி புனா வரைக்கும் எட்டியிருக்கிறது. 1873-ல் ஜோதிராவ் பூலே அடிமைத்தனத்தைப் பற்றித் தாம் எழுதிய "குலாம்கிரி" என்ற புத்தகத்தை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க ஜனங்களுக்குச் சமர்ப்பணம் செய்தார்.

ஆனால் அதே 1873-ல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மைரா பிராட்வெல் என்ற அம்மாள் சட்டம் படித்துப் பரீட்சையில் தேறி, வக்கீல் தொழிலுக்கு அனுமதி கேட்டார். பெண் என்பதற்காக மறுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டும் மறுத்தது. நீதிபதி பிராட்லி என்பவர், மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பெண்ணுக்குச் சிருஷ்டிகர்த்தா விதித்த விதி என்று தனியாக எழுதிவைத்தார். கடவுள் பேச்சே இல்லாத சட்டத்துக்குள் கடவுளை எங்கேயிருந்து கொண்டுவந்தார் என்பது தெரியவில்லை. அவசியப்படும்போது எங்கிருந்தாவது வந்துவிடுவதுதானே அவருடைய மகிமை.

சமம் என்று எழுதின திருத்தத்துக்கும் கோர்ட்டார் வியாக்கியானம் செய்தார்கள். லூசியானா ராஜ்யத்தில் ரயிலில் வெள்ளையருக்கு ஒரு வண்டி, கருப்பருக்கு ஒரு வண்டி என்று 1890-ல் சட்டம் போட்டார்கள். அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு கமிட்டி ஏற்படுத்திக்கொண்டு, ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1892-ல் வெள்ளையர் வண்டியில் ஏறி உட்கார்ந்து கைதியானார். அவருக்கு எட்டில் ஒரு பங்குதான் கருப்பு ரத்தம். 1896-ல் சுப்ரீம் கோர்ட்டு, வண்டி வேறானாலும் சமமாயிருந்தால் போதும் என்றது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. பிரித்து வைப்பதில் இழிவு எதுவுமில்லை, இழிவு இருப்பதாகக் கருப்பர் தோன்றுகிறதென்றால் அது அவர்களாகக் கற்பித்துக்கொண்டது என்றும் எழுதினார்கள். தனிப் பந்தி போட்டுவிட்டு, "ஒரே சாப்பாடுதானே, உனக்கென்ன குறைச்சல்?" என்று கேட்கிற வாயை நாம் பார்த்திருக்கிறோம். மாறுபட்டு எழுதினவர் ஒருவரே. அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த நீதிபதி ஹார்லன், இந்த நாட்டில் ஜாதி என்பது கிடையாது, சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார். "ஜாதி" என்ற பொருளுள்ள சொல்லையே உபயோகித்தார். அதே தீர்ப்பில் சீனர்களைப் பற்றி இழிவாகவும் எழுதியிருக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி நம்மவர் வழக்குக்கு வருவோம். அந்நிய நாட்டில் பிறந்தவன் அமெரிக்கப் பிரஜையாக வேண்டுமானால் "சுதந்திரமான வெள்ளை மனிதனாக" இருக்கவேண்டும் என்று 1790-ல் ஒரு சட்டம் இருந்தது. 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்தார்கள். ஆசியாக்காரன் நடுவில் நின்றான். வெள்ளை என்றால் யார்? ஜப்பானியரான தாகாவோ ஒசாவா, அங்கேயே படித்து வளர்ந்தவர், எங்கள் தோலும் வெளுப்புத்தானே என்று வாதாடினார். 1922 நவம்பர் மாதத்தில் நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், தோலின் நிறம் கணக்கல்ல, வெள்ளையன் என்றால் காக்கேசிய இனத்தான் என்று தீர்ப்புச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அதே நீதிபதி முன் வந்தது பகத் சிங் திந்த் வழக்கு. (தூக்கிலிடப்பட்ட பகத் சிங் வேறு, இவர் வேறு.) இவர் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். 1913-ல் அமெரிக்கா போய் மர மில்லில் வேலைசெய்து, 1918-ல் அந்நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து நல்ல பெயருடன் வெளிவந்தவர். ஆரகன் ராஜ்யத்துக் கோர்ட்டு 1920-ல் இவருக்குப் பிரஜா உரிமை கொடுத்தது. சர்க்கார் அப்பீல் செய்தார்கள். திந்த் சார்பில் என்ன வாதம் சொல்லப்பட்டது தெரியுமா? நான் உயர்ந்த ஜாதி இந்து, ஆரிய வம்சம், ஆரியன் காக்கேசியன், காக்கேசியன் வெள்ளையன் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது, எங்கள் ஜாதிக் கட்டுப்பாடு ரத்தம் கலக்காமல் காத்து வந்திருக்கிறது, கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே எங்கள் மேல்ஜாதியாரும் எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள் என்பதாகும். ஜாதியை மறுத்து ஏற்பட்ட மதத்தைச் சேர்ந்த ஒருவருக்காகச் சொல்லப்பட்ட வாதம் இது!

வக்கீல் வாதம் வக்கீல் வாதந்தான். சட்டத்திலுள்ள சொல்லுக்குள் நுழைய எந்தச் சந்து கிடைத்தாலும் நுழையப் பார்ப்பான் என்று சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் கடல் கடந்துபோய், தன் நிறத்துக்காகத் தானே அவமானப்பட்டுக்கொண்டிருக்கிற இடத்தில், "எனக்குக் கீழேயும் ஆள் உண்டு" என்பதை யோக்கியதாபத்திரமாக நீட்டத் தோன்றியதே, அந்தப் புத்தியைத்தான் நாம் கவனிக்கச் சொல்லுகிறோம். ஏணியில் ஒரு படி மேலே இடம் கேட்டார்கள். ஏணியே கூடாது என்று சொல்ல மனம் வரவில்லை.

கேட்டதாவது கிடைத்ததா? 1923 பிப்ரவரி 19-ந் தேதி சதர்லாண்ட் இன்னொரு அளவுகோலை எடுத்தார். காக்கேசியன் என்று சாஸ்திரக்காரர்கள் சொன்னால் போதாது, சாதாரண ஜனங்கள் யாரை வெள்ளையன் என்கிறார்களோ அவனே வெள்ளையன் என்றார். ஒசாவாவுக்குப் போட்ட பூட்டின் சாவியைத் திந்த் கொண்டுவந்தவுடன் பூட்டையே மாற்றிவிட்டார்கள். போதாக்குறைக்கு, ஜாதிக் கட்டுப்பாடு ரத்தக் கலப்பை முழுதும் தடுத்துவிட்டதாகத் தெரியவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். நம் ஆரியப் பெருமைக்காரர்கள் அந்த வரியை வெளியில் காட்டுவதில்லை. இன்னொரு வேடிக்கை: இவ்வளவு சொன்ன சதர்லாண்ட் இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாய் அமெரிக்காவுக்கு வந்தவர்.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு முன்னே பிரஜைகளாகியிருந்த இந்தியர்களின் உரிமையையும் சர்க்கார் பறிக்கத் தொடங்கினார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர், பிரஜா உரிமை போய், அதனால் சொத்து வைத்திருக்கும் உரிமையும் போய், எந்த நாட்டானும் அல்லாதவராகி, 1928-ல் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். திந்த் 1936-ல், பட்டாளத்தில் இருந்தவர்களுக்கென்று வந்த வேறொரு சட்டத்தினால் பிரஜையானார். இந்தியருக்குப் பொதுவாக வழி திறந்தது 1946-ல். அப்போதும் வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் குடியேற இடம் கொடுத்தார்கள்.

பிளெஸ்ஸி தீர்ப்பு ஐம்பத்தெட்டு வருஷம் உயிரோடிருந்தது. அதைக் கொன்றது 1954 மே 17-ந் தேதி பிரௌன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு. கருப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைப்பதைப் பற்றிய வழக்கு அது. வாதாடினவர் தர்குட் மார்ஷல் என்ற கருப்பு வக்கீல். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதிகள் சிறு பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கருப்புப் பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டிருந்தார்கள். கருப்புக் குழந்தைகளில் பெரும்பாலார் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். ஒரு குழந்தைக்குப் பாடம் கற்றுக்கொடுக்கு முன்னால் அதன் தன்மானத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்? பிரதம நீதிபதி ஏர்ல் வாரன், 1868-ல் எழுதினவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை, கடிகாரத்தை 1868-க்கோ 1896-க்கோ திருப்பிவைக்க முடியாது என்றார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மனதுக்கு என்ன நேருகிறது என்று பார்த்தார். இழிவு அவர்களாகக் கற்பித்துக்கொண்டது என்ற பழைய பேச்சு அன்றோடு கோர்ட்டில் செத்தது.

கோர்ட்டில்தான் செத்தது, ஊரில் சாகவில்லை. 1957-ல் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கருப்பு மாணவர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோகப் பட்டாளம் அனுப்பவேண்டியதாயிற்று. விர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற வட்டாரத்தார், கருப்புப் பிள்ளையைச் சேர்ப்பதைவிடச் சர்க்கார் பள்ளிக்கூடத்தையே மூடிவிடலாம் என்று 1959 முதல் 1964 வரையில் மூடிவைத்தார்கள்.

அதே விர்ஜீனியாவில், கருப்புப் பெண்ணான மில்ட்ரெட்டும் வெள்ளைக்காரரான ரிச்சர்ட் லவிங்கும் 1958-ல் கல்யாணம் செய்துகொண்டதற்காக, படுக்கையறையில் நடுராத்திரியில் போலீசார் புகுந்து பிடித்தார்கள். ஒரு வருஷம் சிறை, அல்லது இருபத்தைந்து வருஷத்துக்கு ராஜ்யத்தைவிட்டு வெளியேறவேண்டும் என்று தண்டனை. கடவுள் ஒவ்வொரு நிறத்தானையும் ஒவ்வொரு கண்டத்தில் வைத்ததே கலக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று அந்த ஜட்ஜ் 1965-ல் எழுதினார். 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாக அதைத் தள்ளிற்று. பதினாறு ராஜ்யங்களின் கலப்புமணத் தடை அன்றோடு போயிற்று.

அப்படியானால் ஜட்ஜுகள் தங்கள் இஷ்டப்படி அர்த்தம் செய்யலாமா, அது ஒன்பது பேர் ராஜ்யமாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டானி செய்தது மட்டும் என்ன? தம் இஷ்டத்தைச் செத்தவர்கள் தாடிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு சொன்னார். இஷ்டத்தைத் தம் பெயரால் சொல்லுகிறவனையாவது எதிர்த்துக் கேட்கலாம். சட்டத்தைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதே என்றால், அந்த வழி எவ்வளவு குறுகல் என்பதற்குக் கடைசித் திருத்தமே போதும். 1789-ல் பிரேரேபித்தது 1992-ல்தான் நிறைவேறிற்று.

எழுதினவர் காலத்து அர்த்தமே அர்த்தம் என்கிற கட்சி சமீப காலத்தில் அந்த நாட்டு நீதிபதிகளில் பலரிடம் மறுபடியும் பலப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றைக்கே பிரசிடெண்ட் டிரம்ப், அனுமதியில்லாமலோ தற்காலிக அனுமதியிலோ இருக்கிற தாய்க்கு, தகப்பன் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கிற குழந்தை பிரஜையல்ல என்று உத்தரவிட்டார். சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பவர் பிரஜைதான் என்று 1898-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 1868-ல் எழுதினவர்கள் மனதில் இந்தக் குழந்தைகள் இருந்ததில்லை என்பதே உத்தரவுக்காரர்கள் சொன்ன நியாயம். மூன்றாம் நாள் சியாட்டில் நகரத்து ஜட்ஜ் ஒருவர், ரீகன் காலத்தில் நியமனம் பெற்றவர், இது அப்பட்டமாக அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லித் தடை போட்டார்.